மேலிருந்து இறங்கும் கரியும் கீழிருந்து ஏறும் காற்றும்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியை எட்டி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்திக்கொண்டு புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கு, காரும் பிசானமுமாக இரு போகம் நெல் விளையும் பூமியே தவிர, நிலக்கரி கிடைக்கும் பூமி அன்று. ஆதலால் இப்பிரதேசத்து அடுப்புகள் தலைமுறை தலைமுறையாக விறகையும், பனைமட்டையையும், நெல் ஆலைகளில் மிஞ்சும் உமியையும், வடகிழக்கே விளாத்திகுளம், முதுகுளத்தூர் முதலிய வானம் பார்த்த சீமைகளில் உடைமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் மூட்டம் போட்டுச் சுட்டெடுத்த மரக்கரியையுமே நம்பி எரிந்துவந்தன. அவற்றுள் பௌதிக சாஸ்திரம் பயில்பவரின் கவனத்துக்கு மிகவும் உரியது, வசதியுள்ள வீடுகளின் பின்கட்டில் குளிக்க வெந்நீர் போடுவதற்காகவும், தேநீர்க் கடைகளின் முகப்பில் எந்நேரமும் கொதிநீர் தருவதற்காகவும் நின்றுகொண்டிருந்த செப்புப் பாய்லரே ஆகும். ஏனெனில், கையால் அடிக்கடி விறகு தள்ளவேண்டிய அவசியமின்றி, கீழே உள்ள கரி எரிந்து தீரும்தோறும் மேலே உள்ள கரி தன் எடையாலேயே இறங்கி அவ்விடத்தை நிரப்பும் அடுப்பு வகையைச் சேர்ந்தது அது. இவ்வகை அடுப்பைச் செவ்வனே எரியச் செய்வது எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தானே தீனி எடுத்துக்கொள்ளும் அடுப்பில் கரியைப் பற்றிய கவலை மனிதனை விட்டு நீங்குகிறது, காற்றைப் பற்றிய கவலையோ இரு மடங்காகிறது.

பாய்லரின் அமைப்பு

செம்பினாலோ பித்தளையினாலோ ஆன ஓர் உருளை. அதன் நட்டநடுவே மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்லும் ஒரு குழாய். குழாயின் அடியில், கரியைத் தாங்கிக்கொண்டு சாம்பலை மட்டும் உதிரவிடும் இரும்புச் சல்லடை. அதற்கும் கீழே, சாம்பல் சேர்வதற்கும் காற்று நுழைவதற்குமாக ஒரு வாய். குழாயைச் சுற்றிலும் ஜலம் நிற்க, குழாய்க்குள் நெருப்பு நிற்கும். ருஷிய தேசத்தாரின் சமோவாரும், காஷ்மீரத்தில் தேநீர் காய்ச்சும் அதே பெயருள்ள பாத்திரமும் இந்த அமைப்பையே உடையவை. நெருப்பை ஜலத்துக்குக் கீழே வைப்பதற்குப் பதிலாக ஜலத்துக்கு உள்ளேயே வைத்துவிடுவதால், சாதாரண அடுப்பில் பாத்திரத்தின் பக்கங்களைத் தழுவி வீணே வெளியேறும் உஷ்ணத்தின் பெரும்பகுதி இங்கே ஜலத்தைச் சேர்ந்துவிடுகிறது.

எவ்வளவு கரி போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 40 லிட்டர் கொள்ளும் ஒரு பாய்லரில் 28 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும் ஜலத்தை 98 டிகிரிக்கு உயர்த்த 2,800 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். நன்கு சுட்ட மரக்கரி கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 7,000 கிலோகலோரி தரவல்லது. ஆகவே, ஒரு துளி உஷ்ணமும் வீணாகாதிருந்தால், 400 கிராம் கரியே இக்காரியத்துக்குப் போதும். ஆனால் அதைப்போல் இரு மடங்கும் மும்மடங்கும் கரியைத் தின்றும் ஜலம் கொதிக்காத பாய்லர்கள் உண்டு. அதிகமாகச் செலவான கரி எங்கே போயிற்று என்று கேட்போமானால், அதன் ஒரு பகுதி எரியாமலே சாம்பலோடு கீழே விழுந்தது என்றும், மற்றொரு பகுதி பாதி மட்டும் எரிந்து கண்ணுக்குத் தெரியாமல் மேலே பறந்தது என்றும் விடை கிடைக்கும். முன்னதை யாவரும் காண்பர். பின்னதைக் காணச் சிறிது ரசாயன அறிவு வேண்டும்.

ஒரே கரி, இரு வாயுக்கள்

ஒரு கிலோ கார்பன் முற்றிலும் எரிவதற்கு இரண்டே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பிராணவாயு தேவை. காற்றில் பிராணவாயு எடையில் கால் பங்கிலும் குறைவாகவே இருப்பதால், அவ்வளவைப் பெற 11 கிலோவுக்கும் மேற்பட்ட காற்றை, அதாவது ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை, அடுப்பினுள் செலுத்தவேண்டும். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு குளியலறையின் கொள்ளளவு இது. ஒரு கை அகலமுள்ள குழாயின் அடியில், சல்லடையின் கண்கள் வழியாக, இவ்வளவு காற்றும் நுழைந்து ஏறவேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், அக்கண்களில் சில அடைபட்டாலும் நெருப்பு ஏன் மூச்சுத் திணறுகிறது என்பது விளங்கும்.

காற்று போதிய அளவு கிடைத்து, கார்பன் கரியமிலவாயுவாக மாறும்போது கிலோ ஒன்றுக்குச் சுமார் 7,800 கிலோகலோரி வெளிப்படுகிறது. காற்றுப் பற்றாமல் அதே கார்பன் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவாக மட்டும் மாறி வெளியேறினால் கிடைப்பதோ சுமார் 2,200 கிலோகலோரிதான். கரி முழுவதும் மறைந்துவிட்டது, சாம்பலும் வெளுத்துவிட்டது, ஆயினும் பத்தில் ஏழு பங்குக்கு மேற்பட்ட உஷ்ணம் கைக்கு வராமல் போயிற்று என்ற விபரீதம் இவ்விதமே நேர்கிறது.

சல்லடைக்கு மேல் நிற்கும் கரித்தூணை அடியிலிருந்து நோக்கிக்கொண்டே செல்வோம். முதலில் சாம்பல் படலம். அதைக் கடக்கும் காற்று சற்றே சூடேறுகிறது. அடுத்தது வெண்மை கலந்த செம்மையாய்ப் பிரகாசிக்கும் கங்கு. இங்கே பிராணவாயு முழுவதும் கார்பனோடு கூடிக் கரியமிலவாயு ஆகிறது. இப்பகுதி மிகவும் குறுகியது. சில கரித்துண்டுகளின் உயரத்துக்குள்ளேயே காற்றிலுள்ள பிராணவாயு செலவாகிவிடும். அதற்கு மேலும் செந்தணலாகவே கரி நின்றால், ஏறிவரும் கரியமிலவாயு அத்தணலிலிருந்து மேலும் ஒரு பங்கு கார்பனைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. இந்த மாற்றம் உஷ்ணத்தை வெளிவிடுவதில்லை; மாறாக, கீழே உண்டான உஷ்ணத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. குழாயின் வாயில் தளதளவென்று ஆடும் நீலச் சுவாலை, வெளிக்காற்றைச் சந்தித்த இந்த வாயு எரிவதேயாகும். கடைக்காரர் கண்ணுக்கு அது அழகிய நெருப்பு. கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கோ, ஜலத்தைச் சேரவேண்டிய உஷ்ணம் ஆகாயத்தைச் சேர்வதன் அடையாளம்.

புகை வெளியேறும் இடமே நெருப்பின் எல்லை

கரியைக் கீழே எரியவும் மேலே காத்திருக்கவும் செய்யும் கலையை மிகுந்த நுட்பத்துடன் வளர்த்தவர்கள், ஆந்த்ரசைட் என்னும் கடினமான நிலக்கரி கிடைக்கும் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்தார். எளிதில் பற்றாத அக்கரியை வீட்டுக்கு உதவாத கல் என்றே பலர் எண்ணியிருந்த காலத்தில், 1808ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி, வில்க்ஸ்-பாரி என்ற ஊரில் ஜெஸி ஃபெல் என்பவர், அடியிலிருந்து காற்று ஏறும்படி அமைத்த இரும்புக் கம்பித் தட்டின்மேல் அதை எரித்துக் காட்டினார். ஊதுகுழலுக்கும் துருத்திக்கும் அங்கே வேலையே இருக்கவில்லை; காற்றுக்குச் சரியான வழி விட்டதே போதுமாயிருந்தது. பிற்பாடு வந்த அடுப்புகளில், கம்பித் தட்டுக்கு மேலே ஒரு கரிக்கலம் தொங்கிற்று. பல மணி நேரத்துக்கு வேண்டிய கரி அதனுள் காத்திருந்து, கீழே தணல் தாழும்தோறும் சிறிது சிறிதாக இறங்கிற்று.

இவ்வடுப்பின் சூட்சுமம் கரிக்கலத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது புகைபோக்கியில் இருக்கிறது. எரிந்த வாயு கரிக்கலத்துக்குள் ஏறாமல், அதன் அடிவாயைச் சுற்றி விலகிப் பக்கவாட்டில் உள்ள புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. கலத்தின் மேல்மூடி காற்றுப் புகாதபடி இறுக்கமாக மூடியிருக்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரியாது. ஆதலால் நெருப்பு அடியிலேயே தங்குகிறது. அம்மூடி தளர்ந்து ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலும் கலமே புகைபோக்கியாகிவிடும். காத்திருக்க வேண்டிய கரியெல்லாம் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். கரி ஊட்டும் கலம் உடைய எந்த அடுப்பிலும் நெருப்பு மேலேறுவதாகக் கண்டால், முதலில் சோதிக்கவேண்டியது மூடியையும், அடுத்தபடி சோதிக்கவேண்டியது புகைபோக்கியில் படிந்த அடைப்பையுமே.

நம் பாய்லரிலோ கரி இறங்கும் வழியும் புகை ஏறும் வழியும் ஒன்றே. ஆகவே குழாயை விளிம்புவரை நிரப்பினால், கரித்தூண் முழுவதும் சிறிது சிறிதாகத் தணலாகி, மேலே விவரித்தபடி கார்பன் மோனாக்ஸைடை உற்பத்தி செய்யும் யந்திரமாகவே பாய்லர் மாறிவிடும். குழாயின் உயரத்தில் கால் பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவில் கரியை நிறுத்தி, குறையும்போது கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ப்பதே சிக்கனம். அவ்வாறாயின் எரிந்த வாயு குழாயின் காலியான மேற்பகுதி வழியே ஏறும்போது தன் உஷ்ணத்தைச் சுற்றியுள்ள ஜலத்துக்கு அளித்துவிட்டுச் செல்லும். ஆனால் மிகவும் குறைவாகப் போடுவதும் பிழையே. ஜலம் சூழ்ந்த குழாயின் சுவர் 100 டிகிரிக்கு அதிகம் மேலே போகாது. அதைத் தொட்டு நிற்கும் கங்கு தன் உஷ்ணத்தை இழந்து கறுத்துவிடும். ஒன்றையொன்று நோக்கி நிற்கும் கங்குகளே பரஸ்பரம் உஷ்ணத்தைக் கொடுத்தும் வாங்கியும் உயிர் வாழ்கின்றன. ஒற்றைக் கங்கு அணையும். கூடிய கங்கு கனலும்.

இறங்க மறுக்கும் எரிபொருள்

தன் எடையால் இறங்கும் என்று நாம் நம்பும் கரி சில சமயம் இறங்குவதில்லை. கீழே தணல் எரிந்து வெற்றிடம் உண்டான பின்னும், மேலே உள்ள துண்டுகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து வளைவாக நின்றுவிடுகின்றன. திருவிழா நாளில் கோயில் வாசலை ஒரே சமயத்தில் நெருக்கும் ஜனங்கள், வாசல் திறந்தே இருக்கவும், ஒருவர் தோளில் ஒருவர் தோள் சிக்கி உள்ளே போகமுடியாமல் நிற்பதில்லையா? அதே நியாயம்தான் இங்கும். மேலிருந்து அழுத்துவதால் இந்த வளைவு உடையாது. இன்னும் இறுகவே செய்யும். 1895ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் யான்சன், தானியம் நிரப்பிய உயரமான கலங்களை ஆராய்ந்து, தானியத்தின் உயரம் ஓரளவுக்குமேல் எவ்வளவு கூடினாலும் அடித்தட்டின்மேல் அழுத்தம் கூடுவதில்லை என்றும், மிகுதி எடையை உராய்வின் மூலம் பக்கச் சுவர்களே தாங்கிக்கொள்கின்றன என்றும் காட்டினார். நிறையக் கரியைக் கொட்டினால் எடை தாங்காமல் இறங்கிவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் துண்டுகளின் அளவில் இருக்கிறது. இறங்கும் வாய் துண்டைவிடப் பல மடங்கு அகலமாயிருக்க வேண்டும். துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவினவாக இருக்கவேண்டும். பெருந்துண்டும் தூளும் கலந்திருந்தால் பெரியவற்றின் இடைவெளிகளைத் தூள் அடைத்துக் காற்றை மறித்துவிடும். பென்சில்வேனியாக்காரர் தங்கள் கரியைப் பல கண்ணளவுள்ள சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து விற்றனர். தானே ஊட்டிக்கொள்ளும் அடுப்புகளுக்கு ஏற்ற ஒரு தரம் 5 முதல் 8 மில்லிமீட்டர் அளவே உடையது. நம் வீட்டுப் பாய்லருக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். கரிமூட்டையை அவிழ்த்ததும், நெல்லிக்காய்க்கும் எலுமிச்சைக்கும் இடைப்பட்ட அளவுக்குத் துண்டுகளை உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்கி வைத்தால், பாய்லரின் பாதித் தொல்லைகள் அந்தச் சல்லடையோடு போய்விடும்.

உமியின் கதை வேறு. நூறு கிலோ நெல்லிலிருந்து ஏறக்குறைய 20 கிலோ உமி கிடைப்பதால், ஆலைகள் நிறைந்த இப்பள்ளத்தாக்கில் அதற்குக் குறைவில்லை. கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் தரும் அது, எடையில் விறகுக்கு மிகவும் பின்தங்கியதும் அன்று. ஆயினும், சொரசொரப்பான மேனியால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால், எந்தக் கலத்திலும் ஒழுங்காக இறங்காது. தென்கிழக்கு ஆசியாவின் நெல் நாடுகளில் கூம்பு வடிவான கலத்தையும் சாய்வான கம்பித் தட்டையும் வைத்து, அவ்வப்போது தட்டிவிட்டு அதை இறங்கச் செய்கின்றனர். நம்மவர்கள் கையாண்ட உபாயம் இதற்கு நேர்மாறானது. ஒரு தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, அடியில் பக்கத் துவாரத்தோடு சேரும்படி ஒரு கட்டையையும் செருகி, சுற்றிலும் உமியையோ மரத்தூளையோ கெட்டியாக இடித்து நிரப்பி, பின்னர் பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டால், நடுவே காற்றுக்கு ஒரு சுரங்கம் ஏற்படுகிறது. அதன் உட்சுவரில் பற்றிய நெருப்பு மணிக்கணக்கில் வெளிநோக்கி அரித்துக்கொண்டே செல்லும். எரிபொருள் நெருப்பிடம் வர மறுத்தபோது, நெருப்பை எரிபொருளிடம் அனுப்பிய இந்த யுக்தி, எந்தப் பொறியியல் நூலையும் படித்து வந்தது அன்று.

சாம்பல்

மரக்கரியில் சாம்பல் சொற்பம். உமியிலோ எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு மணலுக்கு மூலப்பொருளான சிலிகா. உமி எரிந்த பின்னும் தன் உருவத்தை இழக்காமல் நிற்பது இந்தச் சிலிகாச் சட்டத்தினாலே. அச்சட்டத்துக்குள் சிறைப்பட்ட கார்பனுக்குக் காற்று எட்டாதபோது சாம்பல் கறுப்பாகவே தங்குகிறது. பல் துலக்க நம் வீடுகளில் பயன்பட்ட உமிக்கரி அதுவே.

சாம்பலை எடுக்கும் முறையிலும் ஒரு விதி உண்டு: கிளறுவது கீழிருந்து, ஒருபோதும் மேலிருந்து அன்று. மேலிருந்து கம்பியை விட்டுக் குத்தினால் கங்கு நொறுங்கித் தூளாகும். கீழே சேர்ந்த சாம்பல் மேலே வந்து தணலைப் போர்த்தும். குளிர்ந்த கரி நடுத்தணலில் விழுந்து அதை அணைக்கும். சல்லடைக்கு அடியிலிருந்து ஒரு கம்பியால் மெல்ல வருடி, சாம்பல் உதிர்ந்து முதற் செங்கங்கு கீழே விழுந்த கணமே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் தட்டுவது, விலை கொடுத்து வாங்கிய கரியைச் சாம்பல் குழியில் எறிவதேயாகும்.

இழுவையும் மேல்காற்றும்

காற்றை உள்ளே இழுப்பது எது? 30 டிகிரியில் உள்ள காற்று கன மீட்டருக்கு 1.16 கிலோ எடையுள்ளது. 300 டிகிரிக்குச் சூடேறியது 0.62 கிலோ மட்டுமே. இலேசான வாயு குழாயில் மேலெழ, கனத்த காற்று கீழ்வாய் வழியே அதனிடத்தை நிரப்ப வருகிறது. அரை மீட்டர் உயரமுள்ள குழாயில் இதனால் உண்டாகும் அழுத்த வேறுபாடு, ஒரு மில்லிமீட்டர் உயர ஜலத்தின் அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பாய்லரின் மூச்சு இவ்வளவு பலவீனமானது. குழாயின் வாய்மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள தகரக் குழலை நிறுத்தி, அதனுள்ளும் வாயு அதே சூட்டில் ஏறுமானால், இழுவை மும்மடங்காகும். பற்றவைக்கும்போது இது பெரிதும் உதவும். தணல் நிலைத்த பின் குழலை எடுத்துவிடலாம். இல்லையேல் ஜலத்துக்கு உஷ்ணத்தைக் கொடுக்க அவகாசமின்றி வாயு விரைந்து ஓடிவிடும்.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து இப்பள்ளத்தாக்கு முழுவதும் வீசும் மேல்காற்று, இந்த மெல்லிய இழுவையைவிடப் பன்மடங்கு வலியது. பாய்லரின் சாம்பல் வாய் மேற்கு நோக்கியிருந்தால், அம்மாதங்களில் கரி கணநேரத்தில் பொசுங்கும். கிழக்கு நோக்கியிருந்தால் புகை திரும்பி அவ்வாயின் வழியே வெளிவரவும் கூடும். ஒரு செங்கல்லை வாயின் எதிரே நகர்த்தி நகர்த்தி வைத்துக் காற்றை அளந்து விடுவதே இதற்கு எளிய வழி. கரியை அதிகமாக்குவதாலோ குறைப்பதாலோ நெருப்பை ஆள முயல்வதைவிட, அச்செங்கல்லால் ஆள்வது விரைவும் சிக்கனமும் உடையது.

ஈரமும் எரிபொருளின் குணமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிமூட்டை ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் உஷ்ணத்தைத் தின்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. ஒரு கிலோ கரியில் 200 கிராம் ஈரம் இருந்தால், அதை ஆவியாக்கச் செலவாவது 120 கிலோகலோரி அளவே. எஞ்சிய 800 கிராம் கரியின் உஷ்ணத்தில் இது சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு. மெய்யான நஷ்டம், கரியின் விலைக்கு ஜலத்தை வாங்கியதிலும், பற்றவைக்கும் ஆரம்பத்தில், உஷ்ணம் மிகவும் தேவையான தருணத்தில், தணல் நிலைபெறாமல் போவதிலுமே இருக்கிறது.

எல்லா நிலக்கரியும் இவ்வடுப்புக்கு ஏற்றதன்று. ராணிகஞ்சு முதலிய இடங்களிலிருந்து வரும் சாதாரண நிலக்கரி, சூடேறும்போதே எரிவாயுக்களையும் தாரையும் கக்குவது. சில இனங்கள் இளகி ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகவும் ஆகும். குறுகிய குழாயில் இது புகையையும் அடைப்பையுமே தரும். புகையாத, ஒட்டாத கரியே தானாக இறங்கும் அடுப்புக்கு உரியது. அத்தகைய கரியைத் தமிழ்நாட்டிலேயே உண்டாக்கிய முயற்சியும் நடந்தது. 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், ஏறக்குறைய பாதி எடை ஈரமாகவே உள்ள பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப் படாமல் சுட்டு, ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கு அளித்தது. ஆவியாகக்கூடியவை முன்பே நீங்கிவிட்டதால் புகை குறைவு. கட்டிகள் ஒரே அளவானதால் காற்றுக்கு வழியும் சீர்.

பற்றவைக்கும் கிரமம்

இதுவரை கூறியவற்றை நடைமுறையில் வரிசைப்படுத்தினால், முதல் வேலை பாய்லரில் ஜலம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. ஜலம் உள்ளவரை செம்பின் சூடு கட்டுக்குள் நிற்கும். ஜலமில்லாமல் தணலிட்டால், உட்புறம் பூசிய வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி வழிந்துவிடும். அடுத்து, சல்லடையையும் சாம்பல் வாயையும் சுத்தம் செய்து, உடைத்த சிரட்டைத் துண்டுகளை அடியில் இட்டுக் கொளுத்தி, அவை சுவாலை விட்டு எரியும்போது ஒரு பிடி சிறு கரியைப் போடவேண்டும். அது சிவந்து கணகணவென்று ஆகும் வரை பொறுத்திருந்து, அதன்பின் அடுத்த பிடியைச் சேர்க்கவேண்டும். பொறுமையின்றி முதலிலேயே குழாயை நிரப்புவதே பெரும்பாலான பாய்லர்கள் அணைந்துபோவதற்குக் காரணம். அடித்தணல் நிலைபெற்ற பின்னர், காற்று வாயைச் சிறிது சுருக்கி, நீலச் சுவாலை குழாயின் வாயில் ஓங்கி எழாத அளவில் கரியை நிறுத்திக்கொண்டால், மேற்கொண்டு அடுப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கையோடு இந்த அத்தியாயத்தை முடிக்கவேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்கும் புகைபோல் தன் வரவை அறிவிப்பதும் இல்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளான ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் சேர்ந்து, பிராணவாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. குளிர் மிகுந்த மலையூர்களில், கதவை அடைத்துக்கொண்டு கரித்தணலை அறையில் வைத்து உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்திகள் பத்திரிகைகளில் வந்ததுண்டு. அவர்களைக் கொன்றது புகையற்ற, நன்கு கனன்ற, பார்வைக்குக் குற்றமற்ற தணலே. ஆகவே பாய்லரும் குமுட்டி அடுப்பும் நிற்கவேண்டிய இடம் பின்கட்டின் திறந்த தாழ்வாரம். கங்கு ஒன்று மிஞ்சியிருக்கும் வரையில், குளிர் எவ்வளவு கடுமையாயினும், அதை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.